மேடை வாதமும் ஏட்டு வாதமும்

பேசத் தெரிந்தவர்கள் நாம். இந்த ஒன்றில் எவரும் நம்மைக் குறை கூற முடியாது. நம் மன்றத்தில் பட்டிமன்றம் என்றால் அரங்கு நிறைகிறது. அடுக்குமொழி அருவியாய்க் கொட்டுகிறது. கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆகிறது. ஆனால், அதே மாணவர் மறுநாள் தம் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுத உட்காரும்போது என்ன நேர்கிறது? சிலர் மேடையை அப்படியே தாளில் இறக்கி வைக்கிறார்கள். 'மறுக்க முடியாத உண்மை', 'உலகமே ஒப்புக்கொள்ளும்' என்ற சொற்கள் வந்து விழுகின்றன. சான்று மட்டும் வருவதில்லை. வேறு சிலர் அஞ்சி ஒதுங்கி, அவர் இவ்வாறு கூறினார், இவர் அவ்வாறு கூறினார் என்று பிறர் கருத்துக்களைக் கோத்துவிட்டு, தமது முடிவு இன்னதென்று கூறாமலே கட்டுரையை முடித்து விடுகிறார்கள். முன்னவர் கட்டுரையில் வாதம் உண்டு, ஆதாரம் இல்லை. பின்னவர் கட்டுரையில் ஆதாரம் உண்டு, வாதம் இல்லை.

இது ஏதோ மதிப்பெண் பற்றிய கவலை என்று நண்பர்கள் எண்ண வேண்டா. நான் பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கத்தில், வாதம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் பொறுத்துக் குடிதண்ணீரே தீர்மானமாகியிருக்கிறது. சித்தூர் என்றதும் ஆந்திரத்துச் சித்தூரை நினைக்க வேண்டா. பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூரைச் சொல்கிறேன். பாட்டனார் காலத்தில் உடுமலைப் பக்கத்திலிருந்து தோட்ட வேலை தேடி மேற்கே வந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் எங்கள் வாழ்க்கை நடக்கிறது. கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்கள் சித்தூருக்கு வந்து பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குக் கோடியில், மழை மறைவில் கிடக்கும் காய்ந்த பூமி அது.

அந்தச் சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியில், பிளாச்சிமடை என்றொரு சிற்றூர். 2000-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கே சுமார் 34 ஏக்கர் நிலத்தில் கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கிற்று. ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நீர் எடுத்தார்கள். இரண்டாண்டுக்குள், பக்கத்துக் குடியிருப்பு மக்கள் கிணறுகள் வற்றுகின்றன என்றும், இருக்கும் நீரும் வாயில் வைக்க இயலாதபடி கெட்டுவிட்டது என்றும் முறையிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எரவாளர், மலசர் முதலிய பழங்குடியினர். 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கிற்று. முன்னின்றவர் மயிலம்மா என்ற எரவாளப் பெண்மணி. 2007-இல் அவர் காலமானார். 2003-இல் ஊராட்சி மன்றம் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர்நீதி மன்றத்துக்குப் போயிற்று. அது முதல் அங்கே நடந்தது வாதம். எழுத்தில் வைக்கப்பட்ட வாதம்.

மக்களின் முதல் வாதம் எளியது. 'ஆலை வந்தது, கிணறு வற்றியது, ஆகவே ஆலையால் வற்றியது.' எதிர்த்தரப்பு சொன்ன விடையும் எளியது. 'மழை பொய்த்தது, அதனால் வற்றியது.' இவ்விரண்டில் எது சரி என்று கேட்டால் நம் மன்றத்தில் உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவற்றில் எதுவாவது வாதமாக நிற்கிறதா?

இதைக் கேட்கும் வழியை மேல்நாட்டாரிடமிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையைப் புரட்டுங்கள். 'தருக்கமெல்லாம் நமக்கு எதற்கு' என்று நம்மில் பலர் தள்ளிவிட்டுப் போகும் காதை அது. அறவண அடிகள் அங்கே மணிமேகலைக்கு வாதத்தின் உறுப்புக்களை எடுத்துரைக்கிறார். நிறுவ வேண்டிய கருத்து 'பக்கம்'; அதற்குரிய காரணம் 'ஏது'; காரணத்துக்கும் கருத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும் எடுத்துக்காட்டு 'திட்டாந்தம்'. மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையில் கண்டது போல என்பது திட்டாந்தம். உபநயம், நிகமனம் என்று வேறு இரண்டு உறுப்புக்கள் உண்டெனினும் அவை திட்டாந்தத்திலேயே அடங்கும் என்கிறது அந்நூல். 1958-ஆம் ஆண்டில் ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய அறிஞர் வாதத்தின் அமைப்பைப் பற்றி நூல் எழுதி, கருத்து, ஆதாரம், அவ்விரண்டையும் பிணைக்கும் விதி எனப் பிரித்துக் காட்டினார். இன்று உலகெங்கும் பல்கலைக் கழகங்களில் கட்டுரைப் பயிற்சிக்கு அது துணையாகிறது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தமிழ்க் காப்பியம் இதைப் பாடமாக வைத்திருக்கிறது. பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் பயன்படுத்தினால் நல்லது.

பயன்படுத்திப் பார்ப்போம். அந்நூல் காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாதவற்றை 'ஏதுப்போலி' என்று அழைத்து மூன்றாக வகுக்கிறது. அவை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். காரணமாகக் காட்டியதே இன்னும் நிலைபெறவில்லை என்றால் அசித்தம். காட்டிய காரணம் நம் கருத்தோடும் இருக்கும், அதன் மறுதலையோடும் இருக்கும் என்றால் அநைகாந்திகம். காரணம் நமக்கு எதிராகவே சாட்சி சொன்னால் விருத்தம்.

'ஆலை வந்தபின் வற்றியது' என்பது அநைகாந்திகம். ஆலை இல்லாத ஊர்களிலும் கிணறு வற்றுவது உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எதிரி சொல்லிவிட்டுப் போகலாம். 'மழை பொய்த்ததால் வற்றியது' என்பதும் அதே குற்றத்துக்கு ஆளாகிறது. மழை ஊர் முழுவதுக்கும் பொது. ஒரே மழையை நம்பியிருக்கும் இரு கிணறுகளில் ஆலையை ஒட்டிய கிணறு மட்டும் கெட்டுப்போயிருந்தால் மழையின் மேல் பழி போட முடியாது. 'நாங்கள் மழைநீரைச் சேமித்து நிலத்துக்கு ஊட்டுகிறோம். ஆகவே நிலத்தடி நீர் குறைய வழியில்லை' என்று எந்த ஆலையாவது வாதிக்குமானால் அது விருத்தத்துக்கு அருகில் போகிறது. எடுப்பதால் குறைகிறது என்ற ஒப்புதல் அதற்குள்ளேயே இருக்கிறதல்லவா?

அசித்தத்துக்கும் பிளாச்சிமடையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஆலைக் கழிவின் சேறு உழவர்களுக்கு எருவாகக் கொடுக்கப்பட்டது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-இல் பி.பி.சி. வானொலி, இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக் கழகத்தில் செய்வித்த சோதனையைக் கொண்டு அறிவித்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒரு சோதனை, காட்மியம் வரம்பை மீறியது என்றது. பின்னர் வந்த சோதனை வரம்புக்குள் என்றது. இரசாயன மாணவர் எவருக்கும் இங்கே கேள்விகள் எழும். மாதிரி குவியலின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது? எத்தனை மாதிரிகள்? ஈரத்தோடு நிறுத்தார்களா, உலர்த்திய பிறகா? இவற்றுக்கு விடை காணாமல் தமக்குப் பிடித்த சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறவர், எந்தக் கட்சியில் இருந்தாலும், அசித்தத்தின் மேல் வீடு கட்டுகிறார். தவிர, சேற்றில் காட்மியம் இருந்தது என்பது வேறு. அது கிணற்று நீரில் இறங்கியது என்பது வேறு. இடையிலுள்ள படியைத் தனியே நிறுவ வேண்டும்.

அப்படியானால் தண்ணீரின் மேல் குற்றம் சாட்ட வழியே இல்லையா? உண்டு. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அதைச் செய்து காட்டினார். காலராவுக்குக் காரணம் கெட்ட காற்று என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம். ஸ்னோ, குடிநீரே காரணம் என்றார். தென் லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் நீர்க்குழாய்கள் ஓடின. லாம்பெத் கம்பெனி 1852-இல் தன் நீரெடுக்கும் இடத்தைத் தேம்ஸ் ஆற்றில் மேலே, நகரக் கழிவு கலவாத இடத்துக்கு மாற்றியிருந்தது. சதர்க்-வாக்சால் கம்பெனி பழைய அழுக்கு நீரையே வழங்கிற்று. ஸ்னோ வீடு வீடாகக் கணக்கெடுத்தார். 10,000 வீடுகளுக்குச் சதர்க்-வாக்சால் நீரில் 315 சாவு. லாம்பெத் நீரில் 37. காற்று ஒன்று, தெரு ஒன்று, பணக்காரரும் ஏழையும் இரண்டு பக்கமும் கலந்திருக்கிறார்கள். வேறுபட்டது தண்ணீர் மட்டுமே. இராபர்ட் காக் காலராக் கிருமியை உலகுக்கு நிலைநாட்டியது 1884-இல். அதற்கு 30 ஆண்டு முன்பே, கிருமியின் பெயர் தெரியாமலே, ஸ்னோவின் வாதம் நின்றது. அவர் எதிரியின் காரணத்தைக் கேலி செய்யவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அதைப் பொதுவாக்கிக் கழித்துவிட்டார். அநைகாந்திகத்தை வெல்லும் வழி அதுவே.

நிற்க. சான்று மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. பிளாச்சிமடை வழக்கின் இரண்டு தீர்ப்புக்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

2003-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதற்கு அறங்காவலர் போன்றது, நிலம் வைத்திருப்பவர் அளவின்றி நீரை எடுத்து விற்கும் உரிமை உடையவர் அல்லர் என்று தீர்ப்பளித்தார். அங்கே வாதத்தைத் தாங்கியது கொள்கை. 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், இரு நீதிபதிகள் அடங்கிய ஆயம், நில உரிமையாளர் நியாயமான அளவு நீர் எடுக்கலாம் என்று கூறி, கோழிக்கோட்டு நீர்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையில் நடந்த ஆய்வைக் கொண்டு, இயல்பான மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை எடுக்க இடமளித்தது. அங்கே வாதத்தைத் தாங்கியது கணக்கு. ஊர் ஒன்று, ஆலை ஒன்று, முடிவு இரண்டு. வேறுபட்டது ஆதாரத்தையும் முடிவையும் பிணைக்கும் விதி. 'நீர் எவருடையது?' என்பது முதல் தீர்ப்பின் விதி; 'எவ்வளவு எடுத்தால் கெடாது?' என்பது இரண்டாவதன் விதி. எந்தக் கட்டுரையைப் படித்தாலும் இந்தப் பிணைப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது எழுதப்படாமலே ஒளிந்திருக்கும்.

'இயல்பான மழை பெய்யும் ஆண்டில்' என்ற சொற்றொடரையும் கவனியுங்கள். அறிக்கையின் உயிர் அதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு '5 இலட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் கூறினர்' என்று எழுதினால், எண் மாறவில்லை, பொருள் மாறிவிடுகிறது. மேற்கோள் காட்டுகிறவர் நிபந்தனையையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

கொள்கையும் கணக்கும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் என்றால் 500 கன மீட்டர். ஆண்டுக்கு 1,82,500 கன மீட்டர். 34 ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,37,600 சதுர மீட்டர். ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்நிலத்தின் மேல் விழும் நீர் முழுவதும் சேர்ந்து சுமார் 1,92,600 கன மீட்டர். அதாவது, விழுந்த மழையில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்கு மேல் ஒரு துளியும் ஓடாமல், ஆவியாகாமல் பூமிக்குள் இறங்கினால்தான் அந்த ஆலை தன் நிலத்து நீரை மட்டும் எடுத்ததாகும். எந்தப் பூமியிலும் இப்படி நடப்பதில்லை. ஆகவே எடுத்த நீரில் பெரும்பகுதி பக்கத்து நிலங்களின் அடியிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். பக்கத்துக் கிணறு கெட்டது என்று இக்கணக்கு நிறுவிவிடவில்லை. அவ்வளவு தூரம் இதை இழுக்கக் கூடாது. ஆனால், 'என் நிலத்தின் கீழுள்ள நீர் என்னுடையது' என்ற பேச்சை இது உடைக்கிறது. நீதிபதியின் கொள்கைக்கு ஒரு பள்ளிக்கூடக் கணக்குத் துணை நிற்கிறது. இவ்வளவே சொல்கிறேன், இதற்கு மேல் சொல்லவில்லை என்று எல்லை கட்டுவதும் வாதத்தின் ஓர் உறுப்புத்தான்.

2004 மார்ச்சு மாதத்தில் மூடிய ஆலை மறுபடி திறக்கவில்லை. அதை மீண்டும் நடத்தும் எண்ணமில்லை என்று 2017-இல் கம்பெனியே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது. கதை முடிந்ததா? இல்லை. 2010-இல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, உழவு, உடல்நலம், கூலி, குடிநீர் முதலியவற்றில் ஏற்பட்ட இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டா, 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்க இது எதற்கு என்ற எதிர்வாதங்கள் எழுந்தன. குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்காமல் மசோதா நின்றுவிட்டது. ஆலையை மூடுவதற்குக் கூட்டமும் முழக்கமும் பெருந்துணை புரிந்தன. இழப்பீடு என்று வரும்போது, எவருக்கு, எந்த ஆண்டில், எதனால், எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் ஏட்டில் நிறுவ வேண்டியிருக்கிறது. 216.26 என்று புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருப்பது உறுதிக்குச் சான்றாகாது. ஒவ்வொரு கூறும் எப்படிக் கூட்டப்பட்டது என்று எதிரி கேட்பான். கேட்கவும் வேண்டும்.

இங்கே நண்பர்கள் சிலர் சினம் கொள்ளலாம். 'குடிக்கத் தண்ணீரில்லாமல் மக்கள் தவிக்கும்போது நீ பக்கம், ஏது, திட்டாந்தம் என்கிறாய். மயிலம்மா தருக்க நூல் படித்துவிட்டா வாயிலில் உட்கார்ந்தார்?' நியாயமான கேள்வி. அவருக்குத் தருக்க நூல் தேவைப்படவில்லை. தம் கிணற்று நீரின் சுவை மாறியதை அவர் நாக்கு அறியும். அந்த அனுபவமே முதல் சான்று; அதைத் தள்ளிவிட்டு எழுதுகிற விஞ்ஞானம் எனக்கு உவப்பானதன்று. ஆனால், அனுபவத்தை நீதிமன்றமும் ஆராய்ச்சி ஏடும் ஏற்கும் சான்றாக மாற்றித் தருவது எவர் கடமை? படித்த நம் கடமை. அவர்கள் கண்ணீரை நாம் அடுக்குமொழியில் எதிரொலித்தால் அதைக் கேட்பவன் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவான். அதையே அளவும் நாளும் இட்டு எழுதினால் அவன் விடை சொல்லியாக வேண்டும். உணர்ச்சி நம்மை எழுதத் தூண்டலாம். எழுதியதை நிறுத்திவைக்க அதனால் முடியாது.

இன்னொரு சோதனையும் உண்டு. அதைப் பெயர் மாற்றிப் பார்த்தல் என்று அழைக்கிறேன். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்பாட்டின்படி, தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீரை மணக்கடவு அணையில் சித்தூர்ப் பாசனத்துக்கு விட வேண்டும். மேலே நீரைத் திறப்பவர் தமிழர். கீழே நீருக்குக் காத்திருப்பவர்களிலும் தமிழர் பலர் உண்டு. எங்களைப் போன்றவர்கள் எந்தப் பக்கம் பேசுவது? 'மேலே இருப்பவனுக்கே முதல் உரிமை' என்று இங்கே வாதிக்கும் தமிழ் மாணவர், காவிரிக் கரையில் நின்று அதே சொற்களைச் சொல்வாரா? மாநிலத்தின் பெயரை எடுத்துவிட்டு மாற்றுப் பெயரை வைத்தபோதும் நிற்கிற வாதமே வாதம். மற்றது ஊர்ப் பற்று. ஊர்ப் பற்று நல்லதுதான். ஆனால் அதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை என்று பெயரிட வேண்டா.

எதிரியை எப்படி நடத்துவது என்பதற்கும் நம்மிடம் இலக்கணம் உண்டு. பவணந்தியார் நன்னூலில் நூலாசிரியர்க்குரிய மதம் ஏழு என்று வகுக்கிறார். பிறர் கருத்தை உடன்படுவதும், மறுப்பதும், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும், தானாக ஒன்றை நாட்டி அதை இறுதிவரை காப்பதும், இருவர் மாறுபடும்போது ஒன்றைத் துணிவதும் அவற்றுள் அடங்கும். உடன்படுதலை அவர் முதலில் வைத்திருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். எதிரியின் பேச்சில் உண்மையுள்ள பகுதியை முதலில் ஒப்புக்கொள்கிறவன் தோற்பதில்லை. 'ஆம், அந்த ஆண்டுகளில் மழை குறைந்தது' என்று எழுதிவிட்டு மேலே செல்லும் கட்டுரையைப் படிப்பவன் நம்புவான். அதை மறைக்கும் கட்டுரையைப் படிப்பவன், வேறு என்னவெல்லாம் மறைத்தாரோ என்று ஐயுறுவான்.

ஆகவே நம் மன்றத்தின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, வரும் ஆண்டில் ஒரு பட்டிமன்றமேனும் எழுத்தில் நடக்கட்டும். ஒவ்வொரு கட்சியும் முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தை, அக்கட்சியே 'ஆம், நாங்கள் சொல்வது இதுதான்' என்று ஒப்பும்படி எழுத வேண்டும். பிறகே மறுக்க வேண்டும். கைதட்டல் குறையலாம், கருத்துத் தெளியும்.

இரண்டாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தம் ஊர்ப் பொதுக்கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, நாளிட்டு எழுதி வர வேண்டும். வீட்டில் இருக்கும் தம்பி தங்கையரிடம் மாதந்தோறும் அளக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வரலாம். ஒரு கயிறு, ஒரு கல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆலை வருவதற்கு முன் எடுத்த அளவு கையில் இருந்தால்தான், வந்தபின் என்ன ஆயிற்று என்ற வாதத்துக்கு ஏது கிடைக்கும். துன்பம் வந்த பிறகு சான்று தேடுகிறவன், வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்டுகிறவன். நம் ஊர்கள் அந்த நிலைக்கு வர வேண்டா. கிணறு இருக்கும்போதே அளந்து வைப்போம்; நாளை நம் ஊருக்காக எழுத நேர்ந்தால், எழுதுவதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்கும்.